தனக்குக் கேட்காத பிள்ளை

மழை நாட்டில் சலவைக்கூடம் நடத்துகிறவனுக்குப் பெண் கொடுக்காதே என்று வந்தவளின் அப்பா சொன்னார். கொடுத்து முடித்த பிறகு சொன்னார், அதனால் யாருக்கும் அது பயன்படவில்லை. இந்த வருஷத்து மழையில் அவளுக்கு அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது. வானம் வெளுக்கவே இல்லை. ஆனால் நோயாளிகள் வானத்தைப் பார்த்தா படுக்கையை அழுக்காக்குகிறார்கள்? ஆஸ்பத்திரி வண்டி தவறாமல் வந்து, விரிப்புகளை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போனது. கொல்லைக் கொடிகள் சும்மா சொட்டிக்கொண்டிருக்க, கூடத்தில், படுக்கையறையில், மாடிப்படிக் கைப்பிடியில் என்று வீடு முழுக்க ஈர விரிப்புகள் தொங்கின. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக முகத்தில் நாலு முறை ஈரத்துணி அறைந்தது. சலவைச் சோடா வாசனை சாப்பிடுகிற ரொட்டியில்கூட ஏறியிருந்தது.

இதில் ஆள் வேறு குறைச்சல். அவள் வீட்டுக்காரர் சிறையில் இருந்தார்.

வந்தவள் என்பது வீட்டுக்காரரின் சபை அவளுக்கு வைத்த பெயர். சபையில் பிறந்தவர்கள் பிறந்தவர்கள், கல்யாணம் கட்டி வந்தவர்கள் வந்தவர்கள். பேரன் பேத்தி எடுத்தாலும் வந்தவர் வந்தவர்தான். சபையும் பெரியதொன்றுமில்லை, இந்தத் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் முடிந்துவிடும். அவர்களுடைய வேதம் முழுவதையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். தனக்கென்று கேட்காதே, பிறருக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேள். கூட்ட நாளில் ஒவ்வொருவரும் தமக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் வேண்டிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். தன் தட்டில் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் பார்த்து வைக்க வேண்டும். பிறருக்கென்று கேட்டு வாங்கியதில் ஒரு துணுக்கைத் தான் தின்றாலும் அது திருட்டு. அப்படி ஒரு கட்டு இல்லாவிட்டால் கெட்டிக்காரர்கள் எல்லாரும் அடுத்தவன் பெயரைச் சொல்லித் தங்கள் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள் அல்லவா? சபையை ஆரம்பித்தவர்கள் மனிதர்களைத் தெரிந்தவர்கள்.

கல்யாணமான புதிதில் வந்தவளுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தாள். அந்த மேசையிலிருந்து யாரும் பசியோடு எழுந்ததில்லை. அவள் பிறந்த வீட்டில், எட்டி எடுக்கத் தெரிந்தவன் தின்றான், மற்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள். அதனால் சபையை அவள் மெய்யாகவே நம்பினாள். ஆனால் கேட்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் அவள் தொண்டையை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிக் கத்தி வளர்ந்த தொண்டை அது.

பள்ளிக்கூடம்தான் இப்போது வினையாக வந்து நின்றது. சபைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சபையே சொல்லித்தரும், பன்னிரண்டு வயது முடிந்ததும் பெற்றோர் பக்கத்தில் நின்று தொழில் பழகுவார்கள். படிப்பின் மேல் அவர்களுக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் முதலில் கற்பது ‘நான் சார், எனக்கு சார்’ என்று அடுத்த பிள்ளையை முந்திக்கொள்வதைத்தான் என்று நினைத்தார்கள். புதுச் சட்டமோ பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் வந்த பிறகு சபையில் பன்னிரண்டு முடித்த முதல் பிள்ளை வந்தவளின் மகள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து சொன்னார், மறுபடி வந்து சொன்னார், பிறகு போலீசோடு வந்தார். வீட்டுக்காரர் பிள்ளையை அனுப்பவில்லை. கோர்ட்டு உத்தரவுக்குக் கீழ்ப்படியும்வரை அவரை உள்ளே வைத்தார்கள். பிள்ளையை அரசாங்க விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நாள் குறித்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பூனை என்று பெயர். காலடிச் சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்கும். பூனைக்காவது பசித்தால் கத்தத் தெரியும், இது அதுவும் தெரியாத பூனை.

வக்கீல் தம்பி வந்தபோது வந்தவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் நின்றிருந்தாள். நாத்தனார் ஸ்திரி மேசையில் இருந்தாள், அவள் கையை அதிலிருந்து எடுக்க முடியாது.

“அந்த ஓரத்தைப் பிடிங்க தம்பி. தரையில பட்டுடாம” என்றாள் வந்தவள்.

அவன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தான். இந்த மாதிரி வழக்குகளைக் கூலி வாங்காமல் நடத்துகிற ஒரு சங்கத்து வக்கீல். நல்ல பையன், ஆனால் விரிப்பைப் பிடிக்கத் தெரியவில்லை. இவள் இழுத்தால் அவனும் சேர்ந்து வந்தான்.

“அக்கா, சட்டத்திலேயே வழி இருக்கு. மத நம்பிக்கை இடம் கொடுக்கலைன்னா விலக்கு கேக்கலாம். உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே எழுதி வச்சிருக்காங்க.”

“எழுதி வச்சிருந்தா அவரை ஏன் பிடிச்சு உள்ள போட்டாங்க?”

“அவர் கேக்கலையேக்கா. ஜட்ஜே சொன்னாரு, விலக்கு வேணும்னா கேளுங்க, நான் பார்க்குறேன்னு. இவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.”

“அவன் எப்படித் தம்பி கேப்பான்?” என்றாள் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவள், சபையில் பிறந்தவள். “நாங்க கேக்குறோம். சபை மொத்தமும் வந்து கோர்ட்டு வாசல்ல நின்னு கேக்குறோம், அவங்க பிள்ளையை விட்டுடுங்கன்னு.”

“அது செல்லாதும்மா. பெத்தவங்கதான் கேக்கணும். அதுவும் தங்களுக்குன்னு கேக்கணும். இது என் நம்பிக்கைக்கு விரோதம், எனக்கு விலக்கு வேணும்னு.”

“அப்போ நீங்க கேளுங்க. நீங்கதான் சபை ஆளில்லையே.”

“நான் கேட்டாலும் அவங்க கேட்டதாச் சொல்லித்தாம்மா கேக்க முடியும்.”

நாத்தனார் ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நல்லா இருக்கு உங்க சட்டம். கேக்கக் கூடாதுங்கிறதுதான் எங்க நம்பிக்கை. அந்த நம்பிக்கையோட இருக்கணும்னா அதைக் கேட்டு வாங்கணுமா?”

“அழுத பிள்ளைதானேம்மா பால் குடிக்கும்.”

“எங்க வீட்டுல அழாத பிள்ளையும் குடிக்கும். பக்கத்துல இருக்கிறவங்க பார்த்துக் கொடுப்போம்.”

“உங்க வீட்டுல சரிம்மா. கோர்ட்டுல பக்கத்துல யாரு இருக்கா?”

நாத்தனார் தலையணை உறையை எடுத்து விரித்தாள். வக்கீல் தம்பி விரிப்பை மடித்துக்கொண்டே வந்தவளுக்கு நேராக வந்து நின்றான். துணி அவர்களுக்கு நடுவில் சின்னதாகிவிட்டது. “ரெண்டு பேருல ஒருத்தர் கேட்டாப் போதும்க்கா. அம்மா கேட்டாலும் செல்லும்” என்றான் மெதுவாக.

“எனக்குக் காது கேக்குது தம்பி” என்றாள் நாத்தனார். “அவ கேக்கட்டும். கேட்டுட்டா சபையில அவளுக்கு இடப்பக்கமும் கிடையாது, வலப்பக்கமும் கிடையாது. அவ தட்டுல யாரும் வைக்க மாட்டோம். அவ வச்சு நாங்களும் சாப்பிட மாட்டோம். அது தண்டனை இல்லை தம்பி. தனக்குத் தானே கேட்டுக்கிறவளுக்கு நாங்க எதுக்கு?”

“விலக்கு கிடைச்சா அவரை விட்டுருவாங்களா?” என்று கேட்டாள் வந்தவள்.

“விட்டுருவாங்க. ஆனா மேல்கோர்ட்டு உத்தரவு வரணும். சில மாசம் இழுக்கும்.”

வந்தவள் மடித்த விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து அவன் கையில் ஓர் ஓரத்தைக் கொடுத்தாள். அன்று அந்த அடுக்கு முடியும்வரை அவனைப் போகவிடவில்லை.

மறுநாள் அவள் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வீட்டுக்காரர் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. பேசுவதற்கு முன்னால் இருமினார், பேசி முடித்தும் இருமினார். கொதிநீர் ஆவியிலேயே இருந்து பழகிய நெஞ்சுக்கு அந்தக் கல்தரை ஒத்துக்கொள்ளவில்லை.

“போன தடவை ஒரு கம்பளி கொண்டுவந்தேனே?”

“அது பக்கத்துல படுக்கிற கிழவருக்குக் கேட்டதில்ல? அவருக்குக் கொடுத்துட்டேன். ராத்திரி நடுங்காம தூங்குறாரு.”

“பெரிய கம்பளிதானே. ரெண்டு பேரும் போத்திக்கக் கூடாதா?”

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஆகியும் இவளுக்குப் புரியவில்லையே என்று கோபப்படாமல் பார்த்தார். “அவருக்குன்னு கேட்டது. நான் எப்படிம்மா போத்திக்கிறது?”

“சரி, இப்போ நான் உங்களைக் கேக்குறேன். உங்களுக்கு என்ன வேணும்?”

“கிழவருக்குப் பல்லு இல்லை. ரொட்டியை நனைக்கப் பால் இருந்தா நல்லது.”

அவளுக்கு அழுவதா அந்த வலையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. வக்கீல் தம்பி சொன்னதை எல்லாம் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“நான் கேக்கட்டுமா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நான் என்ன சொல்ல? கேக்காதேன்னு சொன்னா, என் மனசுக்காக உன்னை இருக்கச் சொல்றேன்னு ஆகும். அதுவும் எனக்குன்னு கேக்கிறதுதான்.”

“கேளுன்னு சொல்லுங்களேன்.”

“அதுவும் அதுதானே” என்றார் அவர். இருமல் வந்துவிட்டது. நேரம் முடிந்தது என்று காவலாள் தடியால் வலையைத் தட்டினான்.

வெளியே வந்து மழையில் நனைந்துகொண்டே அவள் நடந்தாள். அந்த மனிதரை அவள் அப்போது வெறுத்தாள். அதைவிட அதிகமாக, அவர் இருமலைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். புருஷனும் போய்ப் பிள்ளையும் போன வீட்டில் விரிப்பு மடித்துக்கொண்டு யாருக்காக வேண்டிக்கொள்வது? வழியில் வக்கீல் தம்பியின் அலுவலகத்தில் ஏறி, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, “நான் கேக்குறேன். எனக்கு என் பிள்ளை வேணும்” என்றாள். சொன்ன பிறகு சுற்றிலும் பார்த்தாள். கூரை விழவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாத்தனாரிடம் அவளே போய்ச் சொன்னாள். நாத்தனார் திட்டவில்லை. கரித்துண்டுகளை ஸ்திரிப்பெட்டிக்குள் போட்டு ஊதினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

“ஸ்திரி போடுறதை நிறுத்த மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் துணி போகணும்” என்றாள். “உன்னோட சேர்ந்து மடிக்க மாட்டேன். தட்டுல வைக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

“சரிக்கா.”

“அக்கான்னு கூப்பிடு, அதுல ஒண்ணுமில்லை.”

அன்றிலிருந்து வந்தவள் கதவு நிலையில் இரண்டு ஆணி அடித்து, விரிப்பின் ஒரு பக்கத்தை அதில் மாட்டித் தனியாளாக மடித்தாள். சாப்பாட்டு வேளையில் மேசையில் உட்காருவதில்லை. அடுப்படியில் நின்றபடி பானையிலிருந்து தானே எடுத்துச் சாப்பிட்டாள். எவ்வளவு எடுப்பது என்றே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆனால் வழக்கு அவள் கேட்டதோடு முடியவில்லை. பன்னிரண்டு முடிந்த பிள்ளையாகையால், பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி நேரில் கேட்பார் என்றான் வக்கீல் தம்பி. “பிள்ளை ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. எனக்கு வீட்டுல இருக்கணும்னு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத்தான் அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொட்டியடியில் இரண்டு பேரும் விரிப்புப் பிழிந்துகொண்டிருந்தபோது பாடத்தை ஆரம்பித்தாள். ஒரு முனையைத் தாய் வலப்பக்கமும் மறுமுனையை மகள் இடப்பக்கமும் முறுக்கினார்கள். தண்ணீர் நடுவில் ஊற்றியது.

“பூனை, உனக்கு என்ன வேணும் சொல்லு.”

“உன் கை சிவந்து போச்சும்மா. நான் இன்னும் கொஞ்சம் முறுக்கட்டுமா?”

“அது எனக்கு. உனக்கு என்ன வேணும்?”

பிள்ளை யோசித்தது. மெய்யாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தது. “ஒண்ணும் வேண்டாமேம்மா.”

“அடுப்புப் பக்கம் நிக்கணுமா, இங்க நிக்கணுமா?”

“உனக்கு எது தோது?”

“என்னை விடுடி. சரி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. எனக்கு வீட்டுல இருக்கணும்.”

“எனக்கு வீட்டுல இருக்கணும்” என்றது பிள்ளை, கூட்டத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில்.

“மனசுல இருந்து சொல்லு. உனக்கு இருக்கணுமா இல்லையா?”

“இருந்தா நல்லாருக்கும்.”

“அதைத்தான் கேக்கணும்.”

“தப்பில்லையாம்மா?”

தப்பில்லை என்று சொல்ல வந்தவளுக்கு வாய் வரவில்லை. சபைக் கணக்கில் அது தப்புதான், பொய் சொல்ல அவளாலும் முடியாது. “தப்புன்னா அம்மா மேல வரட்டும். நீ சொல்லிடு” என்றாள். பிள்ளை தலையாட்டியது. தலையாட்டிவிட்டு விரிப்பைக் கூடையில் சுருட்டி வைத்தது.

“இதைச் சொன்னா அப்பா வந்துருவாரா?”

“வருவாரு. கொஞ்ச மாசம் ஆகும்.”

“அப்பா இருமுறாருன்னியே.”

“ஆமா.”

“அப்போ அப்பாவுக்கு யாரும்மா கேக்கிறது?”

“அடுத்ததை எடு, தண்ணி ஆறுது” என்றாள் வந்தவள். பிள்ளை பேச ஆரம்பித்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு. என்ன பேசுகிறது என்று காது கொடுத்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு ஒரு பதில் சொல்லியிருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும்.

நீதிபதியின் தனி அறையில் மின்விசிறி ஓடவில்லை. அவருக்கு ஜலதோஷம். மேசையில் கைக்குட்டை கிடந்தது. நாலு மூலையும் சேராமல் யாரோ ஏனோதானோவென்று தேய்த்திருந்தார்கள். வந்தவள் பின்வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வக்கீல் தம்பி பக்கத்தில் இருந்தான். பிள்ளை நீதிபதிக்கு எதிரே, உயரமான நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தது.

“வீட்டுல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?”

“பூனைன்னு.”

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வந்தவளுக்கு அப்புறம் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும். “இங்க உன்னை யாரும் மிரட்ட மாட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். உனக்கு வீட்டுல இருக்கணுமா, விடுதியில தங்கிப் படிக்கணுமா? யாரும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதே. உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு.”

பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

“அம்மாவைப் பார்க்காதே கண்ணு. என்னைப் பாரு.”

“எனக்கு” என்றது பிள்ளை. நின்றுவிட்டது. வந்தவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு வீட்டுல... ஐயா, நான் உங்களை ஒண்ணு கேக்கலாமா?”

“தாராளமாக் கேளு.”

“எங்கப்பாவை எப்போ விடுவீங்க?”

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “உங்கம்மா விலக்கு கேட்டிருக்காங்க. அது கிடைச்சு, மேல்கோர்ட்டுல இருந்து உத்தரவு வந்ததும் விடுவாங்க. சில மாசம் ஆகலாம்.”

“நான் விடுதிக்குப் போயிட்டா?”

“அப்போ உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதா ஆயிடும். அவரை வச்சிருக்க வேண்டியதில்லை.”

“எப்போ விடுவீங்க?”

“இன்னைக்கே கூட விடலாம். ஆனா நான் கேட்டது அதை இல்லையே. உனக்கு என்ன வேணும்னு கேட்டேன்.”

பிள்ளையின் முகம் தெளிந்துவிட்டது. தெரிந்த பாடத்திலிருந்து கேள்வி வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. “அப்பாவை விட்டுடுங்க ஐயா. அவருக்கு நெஞ்சுச் சளி. நான் போறேன்.”

“அது உங்கப்பாவுக்கு வேண்டியது பாப்பா. உனக்கு?”

“இதுதான்யா” என்றது பிள்ளை. ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று அதற்குப் புரியவில்லை.

வந்தவள் எழுந்துவிட்டாள். “ஐயா, வேண்டாம் ஐயா. அவளுக்குக் கேக்கத் தெரியாது. நாங்க சொல்லிக்கொடுக்கலை. எனக்கு என் பிள்ளை வேணும் ஐயா, நான் கேக்குறேன், நான்தானே கேக்குறேன்” என்றாள். சேவகன் வந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். வக்கீல் தம்பியும் எழுந்து, பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லவில்லை, அப்பாவுக்காகத்தான் சொல்கிறது என்று என்னென்னவோ சொன்னான்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். “யாருக்காகச் சொன்னாலும் தெளிவாச் சொல்லுது வக்கீல் சார். அழலை, பயப்படலை. நான் வேற என்னத்தை எழுதறது? அதோட, நாலு வருஷப் படிப்பு ஒரு பிள்ளைக்குக் கெடுதலா?” என்றார். பிறகு வந்தவளிடம், “நீங்க கேட்டதை நான் காதுல வாங்கிக்கிட்டேன்மா. பிள்ளை வேற சொல்லுதே” என்றார். பிள்ளை தன் விருப்பத்தின்படியே விடுதிக்குப் போவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விடுதி வண்டி வாசலிலேயே நின்றது. ஏறும்போது பிள்ளை அம்மாவின் காதருகே வந்து, “நல்லாக் கேட்டேனாம்மா?” என்றது. வந்தவள் அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வீடு முழுக்கப் பிள்ளையைத் தேடினார். பிறகு நாத்தனார் சொல்லித் தெரிந்துகொண்டார். மேசையில் நாத்தனார் தட்டு வைத்தாள், ரொட்டியும் சூப்பும் வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. உள்ளே நின்று சாப்பிடுகிறவளோடு சேர்ந்து உட்கார அவருக்கு வழியில்லை.

“கூட்டத்துல உனக்காக நான் கேக்குறேன்” என்றார். “அவளைச் சேர்த்துக்கோங்கன்னு. கேக்கலாம், அது உனக்குத்தானே. ஆனா கேட்டது தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும்.”

“தப்புன்னு தோணலையே. பொய் சொல்லவா?”

“வேண்டாம்.”

“நான் உங்களை ஒண்ணு கேக்குறேன். பிள்ளை செஞ்சது சரியா?”

அவர் நிலையில் சாய்ந்துகொண்டார். அவள் அடித்த ஆணி முதுகில் குத்தியிருக்கும், நகரவில்லை. “சரிதான்” என்றார். “சபையில யாருமே இவ்வளவு சரியாச் செஞ்சதில்லை.” சொல்லிவிட்டு, சலவைக்கூடத்துக்குப் போய், யாருமில்லாத தொட்டியடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வந்தவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போய்த் தேற்றத் தோன்றவில்லை. அவளைத் தேற்ற அங்கே யார் இருந்தார்கள்?

விடுதியில் மாதத்துக்கு ஒரு நாள் பெற்றோர் பார்க்கலாம். இருவரும் ஒரே குடையில் போனார்கள். அவர் குடையை அவள் பக்கமே பிடித்து, தான் முழுக்க நனைந்தார். கொண்டுபோன ரொட்டியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். கூட்டம் அதிகம், ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றான் வாசல்காரன். “நீ போ” என்றார் அவர் உடனே. மறுபேச்சில்லாமல் அவள் உள்ளே போனாள்.

சாப்பாட்டு நேரம். நீளமான கூடம், வரிசை வரிசையாகப் பெஞ்சு, காதைப் பிளக்கிற சத்தம். ‘டீச்சர் எனக்கு, டீச்சர் இங்க’ என்று கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. விடுதி அம்மா வாளியோடு கைகளைப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

பூனை ஒரு பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. வந்தவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. சீருடைக் கைக்குள் மணிக்கட்டு குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டுகள் நிறைந்திருந்தன, இதன் தட்டு துடைத்த மாதிரி இருந்தது.

“உங்க பொண்ணா?” என்றாள் விடுதி அம்மா சந்தோஷமாக. “தங்கமான பிள்ளை. பக்கத்துல இருக்கிற சின்னதுங்களுக்கெல்லாம் அதுதான் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிக் கொடுக்கும்.”

“அவளுக்கு யாரு கொடுக்கிறா?”

“முதல்ல எல்லாருக்கும் ஒரு கரண்டி வைப்போம். அப்புறம் வேணும்கிறவங்க கை தூக்கணும். இதுக்குச் சின்ன வயிறு போல.”

“சின்ன வயிறு இல்லைம்மா. அவ கேக்க மாட்டா. நீங்களே பார்த்து வச்சிருங்க.”

“இத்தனை பிள்ளைங்க இருக்கு, நான் ஒருத்தி. யாருக்குப் பசி, யாருக்கு இல்லைன்னு எப்படிப் பார்க்கிறது? கேட்டாத்தான் தெரியும். இதைக் கூடவா நீங்க சொல்லிக்கொடுக்கலை?” குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

வந்தவள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் முதலில் கேட்டது, “அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?” என்றுதான்.

“நின்னுச்சு. பூனை, கையைத் தூக்கு. இன்னும் சாப்பாடு கேளு.”

பிள்ளை பெஞ்சில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தது. எல்லாத் தட்டிலும் இருந்தது. “யாருக்கும்மா?”

உனக்கு என்று சொன்னால் அந்தக் கை எழாது என்று வந்தவளுக்குத் தெரியும். அவள் குனிந்துகொண்டாள். “எனக்குடி. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. அம்மாவுக்குப் பசிக்குது.”

கை அந்த நொடியே எழுந்தது. “டீச்சர், எங்கம்மாவுக்குப் பசிக்குது” என்று கூடமே கேட்கிற மாதிரி கூப்பிட்டது பிள்ளை. அந்தக் குரல் அதனிடம் இருப்பதே வந்தவளுக்கு அதுவரை தெரியாது. விடுதி அம்மா முகம் சுளிக்காமல் ஒரு தட்டு கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கு, ரொட்டி, ஒரு முட்டை. வந்தவள் அதை மெதுவாக மகள் பக்கம் தள்ளினாள்.

பிள்ளை திருப்பித் தள்ளியது. “உனக்குன்னு கேட்டதும்மா. நான் தொடக் கூடாது.”

“அம்மா சொல்றேன், தின்னு.”

“நீதானே பசிக்குதுன்னே. சாப்பிடும்மா, ஆறிடும்.”

வந்தவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். இறங்கவில்லை. பிள்ளை தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தது. அவள் விழுங்கினாள். உருளைக்கிழங்கைத் தின்றாள், முட்டையைத் தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அந்த ஒட்டிய முகம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தட்டு காலியான பிறகுதான் அதற்கு நிம்மதி வந்தது.

“இன்னும் கேக்கட்டுமாம்மா?” என்றது பிள்ளை.